கைப்பிடியைப் பார்த்து எரிந்த விளக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் மாமாவின் இடது கால் இரண்டு இடத்தில் உடைந்ததற்குக் காரணம் அந்தப் பழைய லாரியில் நீ போட்ட விளக்கு. முதலில் நலம் விசாரித்துவிட்டு மெதுவாக இந்த விஷயத்துக்கு வரலாம் என்று இரண்டு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன், பேனா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறது. நீ நலமாக இரு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம் மட்டும் குறைவு. மாமா விபத்தில் அடிபட்டார் என்று போனில் சொன்னபோது அழுதாய். லாரி எது என்று சொன்னதும் டூட்டியில் இருக்கிறேன் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். நீ இங்கே குவாரி வொர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பழகியபோது, வண்டிப் பரிசோதனைக்கு முந்தின நாள், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எல்லாவற்றிலும் அதற்கான விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்று குவாரி மேனேஜர் வந்து நின்றார். அந்த லாரியில் விளக்குக்கு ஓட்டை இருந்தது, ஒயர் இல்லை. ஸ்விட்சைக் கீழே, முன் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டியிலேயே திருகி மாட்ட வேண்டும், உள்ளே தண்டு நகர்ந்து முன் சக்கரத்துக்கான பல் மாட்டினால்தான் அது ஸ்விட்சை அமுக்கும், விளக்கு எரியும். ஸ்டோர்காரர் இரண்டு தடவை கொண்டுவந்த ஸ்விட்சும் திருகு மறை சேரவில்லை. நான் வண்டிக்கு அடியில் காதில் ஆயில் சொட்டப் படுத்துக்கொண்டு, ஏதாவது பண்ணும்மா, நாளைக்கு ஒரு நாள் எரிந்தால் போதும் என்றேன். நீ காயலான் கடைக்குப் போகவிருந்த காரில் இருந்து கதவு விளக்கின் பித்தானைக் கழற்றி வந்து, கேபினுக்குள் நாலு சக்கரத்துக்கு மாற்றுகிற கைப்பிடியின் அடித்தகட்டில் மாட்டினாய். கைப்பிடி முன்னால் இருந்தால் பித்தான் அமுங்கியிருக்கும், பின்னால் இழுத்தால் பித்தான் வெளியே வரும், விளக்கு எரியும். அரை மணி நேர வேலை. நான் வெல்டரையும் மற்ற டிரைவர்களையும் கூப்பிட்டு என் மகள் மூளையைப் பாருங்கள் என்று காட்டினேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, இது கைப்பிடியைத்தான் பாக்குது. உள்ள பல் மாட்டுச்சா இல்லையான்னு இதுக்குத் தெரியாது. சரியான ஸ்விட்ச் வந்ததும் மாத்திடணும்"னு சொன்னாய். சொல்லிவிட்டு, பரிசோதனை அட்டையில் விளக்கு வேலை செய்கிறது என்று கையெழுத்தும் போட்டாய். நான்தான் போடச் சொன்னேன். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போன மூன்றாவது வாரம் சரியான ஸ்விட்ச் வந்தது. வாங்கி என் அலமாரியில் வைத்தேன். வைத்ததுதான்.

கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ராடின் புஷ் வளையம் தேய்ந்து லொடலொடவென்று ஆடுகிறது, கைப்பிடி வந்தாலும் உள்ளே தண்டு முழுசாக நகராது என்று ரிப்பேர் நோட்டில் மூன்று முறை எழுதினேன். மூன்றுக்கும் பக்கத்தில் அடுத்த மாதம் என்று மேனேஜர் பச்சை மையில் எழுதியிருக்கிறார். அந்த மூன்று மாதத்துக்குள் அவர் அறைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, ஏசி வந்தது, ஒரு புஷ் வரவில்லை. அது அவர் பங்கு. என் பங்கைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

அன்று காலை மழை. மாமா கல் ஏற்றிக்கொண்டு இறக்கத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியை இழுத்து, விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகுதான் இறக்கியிருக்கிறார். நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்திருந்தால் வண்டி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கும். பின் சக்கரம் மட்டும் பிடித்ததால் வால் சுற்றி, வண்டி பக்கவாட்டில் ஓடையில் சாய்ந்துவிட்டது. நான் போனபோது மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேபினில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கீழே புகுந்து முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அது பாட்டுக்குச் சுற்றியது. பல் மாட்டவே இல்லை. அப்போது நான் செய்ததை உன் அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன். திருப்புளியை எடுத்து உன் பித்தானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன் பேர் வெளியே வரக்கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

குவாரி விசாரணையில் மாமாவை ஊன்றுகட்டையோடு நிற்கவைத்துக் கேட்டார்கள். விளக்கு எரிந்ததா இல்லையா அதை மட்டும் சொல்லு என்றார் மேனேஜர். எரிந்தது என்றார் மாமா. அப்படியானால் நாலு சக்கரமும் பிடித்திருக்கிறது, நீதான் வேகமாக இறக்கியிருக்கிறாய் என்றார்கள். விளக்கு சரியில்லாமல் இருந்திருக்குமா என்று ஒருவர் கேட்டார், நல்ல மனிதர் போல. அதற்கு மாமா, "அது எங்க ஃபியூஸ் போட்ட லைட்டு சார். அது பொய் சொல்லாது"ன்னார். உன்னை அந்தப் பேரில் கூப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒரு கோழியைக் கூட அடிக்காமல் ஓட்டினவர், இப்போது அத்தையிடம், கண் அசந்திருப்பேனோ என்னவோ, எனக்கே ஞாபகமில்லை என்கிறாராம். அசரவில்லை என்று எனக்குத் தெரியும். நேற்றுப் பார்க்கப் போனேன், மச்சான், லைசென்சைப் பிடுங்கிட்டா நான் எதுக்கு ஆவேன், வாசல்ல உக்காந்து போற வண்டிய எண்ணவா என்று சிரித்தார். அம்மாவிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அவன் என் தம்பி, அவ என் மக. என்னை எதுவும் கேக்காதீங்க"ன்னுட்டு உள்ளே போய்விட்டாள்.

மாதக் கடைசியில் மறுபடி கூடி முடிவு செய்கிறார்கள். ஸ்விட்சைப் பூட்டி வைத்ததையும் பித்தானைக் கழற்றியதையும் நான் எழுந்து சொல்லத்தான் போகிறேன். மச்சானைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்பார்கள், அட்டையில் இருப்பது உன் கையெழுத்து, நீயும் சொன்னால்தான் நம்புவார்கள். நீ இப்போது பார்க்கிற வேலையே இந்த வொர்க்‌ஷாப் கொடுத்த சான்றிதழை வைத்துத்தான் உனக்குக் கிடைத்தது என்பதும் தெரியும். அங்கே கேள்வி வரலாம். வராது என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். பாதித் தப்பு உன்னுடையது, பாதிக்கு மேல் என்னுடையது, மாமாவுடையது துளியும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஈரக் கையோடு கரன்ட்டைத் தொடாதே. எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நட, நன்றாக இருப்பாய்.

உன் அப்பா

பின்பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன், ஃபியூஸிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து கைப்பிடிப் பித்தான், எல்லாம் நீ செய்தபடியே. சரியா என்று பார்த்துக்கொள். கீழே, இதை மாட்டியது நான்தான் என்று உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். விவரம் எழுதாமல் படம் மட்டும் அனுப்பிய போன கடிதத்திலும் விட்டிருந்தேன், அது திரும்பி வரவில்லை. போட்டு அனுப்பு.