அத்தை பொம்மை

மார்ச் 3

அண்ணிக்கு,

பாப்பா நலம். உங்கள் தம்பிக்குப் போன் மேல் போன் போடுகிறீர்களாம். அவர் பாவம், யார் பக்கம் பேசுவார்? அதனால் நானே எழுதுகிறேன்.

அவளுக்குக் கடலை ஆகாது என்று வாய் வலிக்கச் சொன்னேன். "இதெல்லாம் இந்தக் காலத்து அம்மாக்கள் கிளப்பிவிடுறது" என்றீர்கள். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, கடலையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினீர்கள். உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாலு வயது. "அதான் பொழைச்சுக்கிட்டாளே" என்று வராந்தாவில் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது.

இனி அவளைப் பார்க்க வர வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 19

தம்பி பெண்டாட்டிக்கு,

மூத்தவள் இறங்கி வந்து எழுதுகிறேன். என் சின்னவன் உன் பாலர் வகுப்பில்தானே படிக்கிறான். பிஸ்கட் நீட்டினால் கையைத் தட்டிவிடுகிறான். "அம்மா, நீங்க அத்தை பொம்மை மாதிரியே பேசுறீங்க" என்கிறான். விசாரித்தேன். நீ வகுப்பில் கையில் மாட்டிப் பேசவைக்கிற பொம்மையாம். வட்டக் கண்ணாடி, சுருட்டை முடி, கன்னத்தில் மரு. என்னையே தைத்து வைத்திருக்கிறாய். "கொஞ்சம் தின்னு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று அது கொஞ்சுமாம். "வேண்டாம், டீச்சரைக் கேக்கணும்" என்று பிள்ளைகள் கத்துவார்களாம். இது பாடமா, வஞ்சமா?

ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது. மன்னித்துவிடு. பாப்பா கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள்.

அண்ணி

ஜூலை 24

அண்ணிக்கு,

இரண்டும்தான். பால் ஆகாத பையன் ஒருவனும் முட்டை ஆகாத இரட்டையரும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்நியர் கொடுத்தால் வாங்காதே என்று எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொஞ்சி ஊட்டுகிற கையை எப்படி மறுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் கைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த முகத்தை வைத்தேன்.

"தெரியாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடலை தானாகவா பொடிந்தது? வகுப்புக்கு வாருங்கள். பிள்ளைகள் முன்னால் நின்று, "ஆகாதுன்னு தெரிஞ்சேதான் கலந்தேன்" என்று சொல்லுங்கள். அன்றே பாப்பாவை உங்கள் மடியில் உட்கார வைக்கிறேன்.

தம்பி மனைவி

ஆகஸ்ட் 2

வருகிறேன். நீ சொன்னபடியே சொல்கிறேன். மானத்தைப் பார்த்தால் பாப்பாவைப் பார்க்க முடியாது. ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: சின்னவன் வராத நாளாகப் பார்த்துச் சொல்.

அண்ணி

ஆகஸ்ட் 5

அண்ணிக்கு,

அவன் லீவே போடுவதில்லை. முன்வரிசையில்தான் உட்காருவான்.

தம்பி மனைவி