இத்தாலி சைக்கிள்

ஐப்பசி 14, வெள்ளி

என் கணவர் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த ரேஸ் சைக்கிள் எந்த ஆண்டில் செய்தது என்று அறிய, கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். பழைய ஃப்ரேமைப் பார்த்தே ஊரைச் சொல்பவர். அவர் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சைக் கழற்றி, திருகு மரையைத் தடவினார். அடியில் பெயின்ட்டைச் சுரண்டினார்.

"ஏனுங்கம்மா, இத்தாலி மரை இப்படி இருக்காதுங்க. முத்திரையப் பாருங்க, பஞ்சாப்ல செஞ்சது. ஸ்டிக்கர் மட்டுந்தான் இத்தாலிங்க."

கொழுந்தனார் சிரித்துவிட்டார். "உடுங்க அண்ணி. நூல் விசயமா லூதியானா போனப்ப அண்ணன் வாங்குனது. நம்மூட்டுல எல்லாருக்கும் தெரியுமுங்களே!"

மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என் கணவர் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒருமுறை இத்தாலியிலிருந்து பனியன் ஆர்டர் கொடுக்க வந்தவரையே அழைத்துப்போய், "உங்கள் ஊர்ச் சைக்கிள்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகக் காட்டினேன். அந்த மனிதர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "மிக அழகு, மேடம்" என்றார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இலை போட்டாச்சு, சாப்பிடக் கூப்பிடு" என்றார்.