வத்தல் அறையில் இரண்டு பிராசஸர்கள்

18-3-2009, புதன் மாலை

அன்பு மகள் ராமலெட்சுமிக்கு,

முதலில் ஒரு கேள்வி. பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டு. ஒன்று சின்னது, ஒரே பிராசஸர், 1.8 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. மற்றது பெரியது, ஏதோ கம்பெனியில் வொர்க்ஸ்டேஷனாக இருந்தது, இரண்டு பிராசஸர்கள், ஒவ்வொன்றும் 3.2. விலை இரண்டுக்கும் ஒன்றே. எதை வைத்துக்கொள்வது? இதை என்னிடம் கேட்டவள் உன் வகுப்புத்தோழி செவ்வந்தி. நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படித்தவள் என்ற நம்பிக்கையில் கேட்டாள். ஐந்து நாளாக முயன்றும் எனக்கு விடை தெரியவில்லை. பினாங்கில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சில்லுகளைச் சோதிக்கிற உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், செவ்வந்திக்கு நாளை மதியம் தெரிய வேண்டும். ஆகவே நீ பதில் சொல்ல வேண்டாம், படித்தால் போதும்.

நாங்கள் நலம். உன் அய்யாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, தும்மல்தான் அடங்கவில்லை, அதற்குக் காரணம் நான், கீழே சொல்கிறேன். இந்த வருடம் குண்டு மிளகாய் நன்றாக வந்திருக்கிறது. களத்தில் காய்ந்து முடிந்து, பின்கட்டு அறையில் குவித்து, பத்து நாளாகப் பெண்கள் காம்பு கிள்ளுகிறார்கள். பள்ளியில் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது, ஒரு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை. சாயல்குடிச் சித்தி உனக்கென்று கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் வருகிறவர் யாராவது இருந்தால் எழுது. பெரியப்பா ஒரு ஜாதகம் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், பிரிக்கவில்லை. நீ சொன்னால் பிரிப்பேன், சொல்லாவிட்டால் அது அங்கேயே இருக்கும், அலமாரியில் இடம் நிறைய உண்டு.

செவ்வந்தி விஷயம் உனக்குப் பாதி தெரியும். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தாள், கூத்தையாவைக் கட்டினாள், பிள்ளை பிறந்தது, படித்தது நான்கு வருடமாகச் சும்மா கிடந்தது. இப்போது மதுரையில் ஒரு இன்ஜினியர், கட்டப்போகும் வீடுகளின் முகப்பைப் போட்டோ போலக் கம்ப்யூட்டரில் செய்துதரும் ஆள் தேடுகிறார். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் முதலில் ஒரு படம் செய்து காட்ட வேண்டும், நாளை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும், சரியாக இருந்தால் வாராவாரம் வேலை. இல்லாவிட்டால் குடும்பத்தோடு திருப்பூர். கூத்தையா அங்கே ஒரு மில்லுக்கு ஆள் சேர்க்கிறவனிடம் பேசி வைத்திருக்கிறான், பங்குனி முடிந்ததும் இரண்டு பேரும் ஷிப்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அவன் கெட்டவன் இல்லை, லோடு வண்டிக்கு ஓட்டம் இல்லாமல் அலுத்துவிட்டான். செவ்வந்தி அழவெல்லாம் இல்லை. “அங்கனயும் உழைப்புதான் டீச்சரம்மா, இங்கனயும் உழைப்புதான். ஆனா இது நான் படிச்சது” என்று மட்டும் சொன்னாள்.

ராமநாதபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற முஹைதீன் நல்ல மனிதர். இரண்டையும் கழுவித் துடைத்தது போலச் சுத்தம் செய்து, கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெள்ளிக்கிழமை தாருங்கள் என்று கொடுத்துவிட்டார். செவ்வந்தி வீட்டில் ஓடு பழுதாகி ஒழுகுகிறது, மின்சாரமும் மங்கல், அதனால் நம் வீட்டில் வைக்கச் சொன்னேன். எங்கே வைப்பது என்று யோசித்தபோதுதான் என் படிப்பு வேலை செய்தது. வீட்டிலேயே ஈரமில்லாத அறை எது, போன வருடம் புது ஒயரிங் போட்டு எர்த் சரியாக இறக்கிய அறை எது என்று பார்த்தேன். மிளகாய் வத்தல் குவித்த பின்கட்டு அறை. மூட்டைகளை ஓரமாக நகர்த்தி மேசை போட்டேன். உன் அய்யா கதவருகே நின்று, இந்தா, வத்தலுக்கு நடுவிலயா என்று கேட்டார். ஈரம்தான் எதிரி, தூசி அல்ல என்று விளக்கினேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

கூத்தையாவுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகமில்லை. “மூணு பெருசா, ஒண்ணே முக்கால் பெருசா? அதுலயும் ரெண்டு இருக்கு. இதுக்குப் போயி பரீட்சையா டீச்சரம்மா?” என்றான். எண்ணை மட்டும் பார்த்து நம்புவது எனக்குப் பழக்கமில்லை. கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதுதான், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு, சின்னது பிந்திய காலத்துத் தயாரிப்பு என்று முஹைதீனும் சொல்லியிருந்தார். அவனுக்குப் புரியும்படி, ஒருவன் குட்டி அகப்பையால் வேகவேகமாக அள்ளுகிறான், இன்னொருவன் பெரிய அகப்பையால் மெதுவாக அள்ளுகிறான், குழம்பு யார் பக்கம் சீக்கிரம் தீரும் என்று கேட்டேன். “அகப்பைய விடுங்க, பசிச்சவன் யாரு?” என்றான். வாதத்தில் அவனை வெல்ல முடியாது.

சனிக்கிழமை முழுவதும் செவ்வந்தி இரண்டிலும் வேலை பழகினாள், பக்கத்தில் பெண்கள் காம்பு கிள்ளிக் கொண்டிருந்தார்கள். ஞாயிறன்று சோதனை. ஒரு சின்ன வீட்டுப் படம், இரண்டுக்கும் அதே படம், அதே மேசை, ஆய்வகத்து ஸ்டாப் வாட்ச். சூரியன் எங்கே, நிழல் எங்கே விழும், சுவர் எவ்வளவு மின்னும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டர் படத்தை நிரப்புகிறது, பார்க்கக் கோலம் போடுவது போல இருக்கிறது. சின்னது ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தது. பெரியது எழுபத்தொன்று. கூத்தையா ஸ்டாப் வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய். சின்னதுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். செவ்வந்தி முகம் வாடியது. பெரியதில் நினைவகம் அதிகம், வரையும்போது கை தடைப்படவில்லை என்றாள். மனதுக்குப் படுவது அளவை ஆகாது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியதைத் திருப்பிக் கொடுக்கக் கூத்தையா வண்டி கொண்டுவந்தான். தூக்கித் தோளில் சாய்த்தான். அதன் முன்பக்க வலையிலிருந்து சிவப்பாகக் கொட்டியது பார், அவன் சட்டை, கழுத்து, மீசை எல்லாம் வத்தல் பொடி. கம்ப்யூட்டரைக் கீழே போடாமல் பதினொரு முறை தும்மினான், நான் எண்ணினேன். உன் அய்யா ஓடிவந்து, “ஏலே கூத்தையா, பெட்டிய விட்டுறாத!” என்று பிடிக்கப் போய் அவரும் ஆரம்பித்தார். காம்பு கிள்ளிக் கொண்டிருந்த வெள்ளையம்மாள், “நாங்க பத்து நாளா மூக்குல துணி கட்டி உக்காந்திருக்கோம், மெசினுக்கு ஒரு துணி கட்டணும்னு படிச்சவுக யாருக்கும் தோணல” என்றாள். நான் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மதியம் வந்து திறந்து பார்த்தோம். பிராசஸர்கள் மேல் சூடு இறங்குவதற்காக வைத்திருக்கும் உலோகத் தகடுகளின் இடுக்கெல்லாம் பொடி அடைத்து, விதைகூட இருந்தது. சூடு அளவு மீறினால் கருகிவிடாமல் இருக்க அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னதில் இரண்டு ஃபேன், மெதுவாகச் சுற்றுபவை. பெரியதில் ஐந்து, அறையையே உறிஞ்சுகிறவை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தேன், ஒரே நிலைமை என்று நினைத்தேன். ஒன்றுக்குக் காற்று கொடுத்தேன், மற்றதற்கு வத்தல் ஊட்டினேன். இருபத்தைந்து வருடமாக இதைத்தான் மாணவர்களுக்கு எச்சரித்து வருகிறேன். செவ்வந்தியிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள், “நீங்க ஒருத்தராச்சும் அளந்து பாத்தீகளே” என்றாள். அது ஆறுதலா குத்தலா என்று இன்னும் தெரியவில்லை.

உன் அய்யா சைக்கிள் பம்பால் ஊதினார், செவ்வந்தி பெயிண்ட் பிரஷால் தட்டினாள், இரண்டையும் முன்அறைக்கு மாற்றினோம். மறுபடி அதே படம். பெரியது முப்பத்தெட்டு நிமிடம். நியாயத்துக்காகச் சின்னதையும் ஊதி ஓட்டினேன், ஐம்பது. ஆக பெரியது வேகம்தான், ஆனால் கூத்தையாவின் எண்கள் சொன்ன அளவுக்கு இல்லை. அவனிடம் சொன்னேன். “செயிச்சது செயிச்சதுதானே” என்று சட்டையைத் தட்டிக்கொண்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். மதுரையிலிருந்து நேற்று இரவு வந்த வரைபடம் மாடி வீடு, பெரியது. செவ்வந்தி நாளைக் காலை பத்து மணிக்குத்தான் வரைந்து முடிப்பாள். அதன் பிறகு படமாக்கப் பெரியதற்கு மூன்றே கால் மணி நேரம், சின்னதற்கு நாலரை ஆகும் என்று அவள் கணக்கு. நம் ஊரில் இப்போது பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்தடை, பிறகு நான்கிலிருந்து ஆறு வரை. நடுவில் கிடைப்பது நான்கு மணி நேரம். சின்னதற்கு அது போதாது. பெரியதற்குப் போதும், ஆனால் அது தின்கிற மின்சாரத்துக்கு நம் யூ.பி.எஸ். நான்கு நிமிடம்தான் தாங்குகிறது, சின்னதற்கென்றால் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குகிறது. நடுவில் ஒரு தடவை மின்சாரம் போய் ஐந்து நிமிடம் கழித்து வந்தாலும் பெரியதில் செய்தது அத்தனையும் போச்சு. ஒன்று நேரத்தில் முடிக்கும், நிலைத்திருக்காது. மற்றது நிலைத்திருக்கும், முடிக்காது. இதற்கு நான் என்ன சொல்ல? தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். செவ்வந்தி தலையாட்டிவிட்டு மறுபடி வரைய உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் மாடிக் கைப்பிடிக்குக் கம்பி வைத்துக் கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு கம்பிக்கும் நாக்கைக் கடிக்கிறாள், பள்ளியில் நீ சொல்வாயே, அதே பழக்கம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். காலைச் சாப்பாட்டைக் காப்பியோடு முடித்துவிட்டு ஓடாதே. நாள் முழுக்கக் குளிர்ந்த அறையில் இருக்கிறாய், மாலையில் அரைமணி வெயிலில் நட. கண் டாக்டரிடம் போவதாகத் தைப் பொங்கலுக்குச் சொன்னாய், போய்வந்து எழுது, மறக்காதே. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. எடுத்த வேலை கைகூடி, நோய்நொடி இல்லாமல் இரு.

இப்படிக்கு,
தும்மல் தணியாத அய்யாவும், தீர்ப்பு மாறிய அம்மாவும்.

19-3-2009, வியாழன் இரவு

தபாலில் சேர்க்கவில்லை, ஆகவே நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டுக்கு மின்சாரம் வந்ததும் செவ்வந்தி இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டாள். படத்தை நெட்டுக்குத்தாக ஏழு கீற்றாகப் பிரித்திருந்தாள். இடப்பக்கம் நான்கு பெரியதற்கு, வலப்பக்கம் மூன்று சின்னதற்கு, ஒவ்வொரு கீற்றும் முடிய முடியச் சேமிப்பு. இரண்டில் எது என்று நான் ஐந்து நாள் மல்லாடினேன், அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இதைச் செய்துவிட்டாள். பள்ளியிலிருந்து வந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். ஒன்றே காலுக்குத் தெருமுனையில் ஃபியூஸ் போனது. யூ.பி.எஸ்.ஸைச் சின்னதற்கு மட்டும் கொடுத்திருந்ததால் பெரியது உடனே அணைந்தது, ஓடிக்கொண்டிருந்த ஒரு கீற்று மட்டும் நஷ்டம். சின்னது தாக்குப்பிடித்தது, பதினெட்டாவது நிமிடம் மின்சாரம் வந்தது. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து ஒட்டினால், பெரியதின் பகுதியும் சின்னதின் பகுதியும் சேரும் இடத்தில் வெள்ளைச் சுவரில் நட்டநடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு. இரண்டும் வெளிச்சத்தைத் தனித்தனியே கணக்கிட்டதால் நிறம் மயிரிழை மாறியிருந்தது. திரும்பச் செய்ய நேரமில்லை. செவ்வந்தி ஒரு நிமிடம் பார்த்தாள், அந்தக் கோட்டின் மேலேயே மாடியிலிருந்து தரைவரை ஒரு மழைத்தண்ணீர்க் குழாய் வரைந்தாள், நிழலோடு. இருவரும் கூத்தையாவின் வண்டியில் பக்கத்து ஊர் அபிராமத்துக்குப் பறந்தார்கள், ஜெனரேட்டர் வைத்த பிரவுசிங் கடையிலிருந்து நான்கு பத்துக்கு அனுப்பினார்கள்.

ஐந்தரைக்கு நம் வீட்டில் இருக்கும்போது இன்ஜினியர் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். “அந்த மழைத்தண்ணிக் குழாய நான் பிளான்ல விட்டுட்டேம்மா, நீங்க எப்படிக் கவனிச்சீங்க?” என்றார். செவ்வந்தி என்னைப் பார்க்காமல், “வீடுன்னா தண்ணி எறங்க வழி வேணும்ல சார்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு வீடு அனுப்புகிறாராம்.

கூத்தையா வாசலுக்குப் போய்த் திருப்பூர்க்காரனுக்கு போன் போட்டான். “ஏலே, நாங்க வரல. வேற ஆளப் பாத்துக்க” என்று சொன்னது உள்ளே கேட்டது. பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய், திருப்பூருக்கென்று கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்து, டீ போடும் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்கள். எங்களுக்கும் கொடுத்துவிட்டார்கள், சீனி கொஞ்சம் அதிகம்.