பெண்கள் விடுதியில் ஒரு தீ ஒத்திகை

1986 ஜூன் 9, திங்கள்

காலை முழுக்கத் தூறல். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டது வீண், ஒண்டிக்கடை முக்கைத் தாண்டுவதற்குள் சேறு.

தீயணைப்பு நிலையம் சார்பில், சான்றிதழுக்காக, பள்ளிப் பெண்கள் விடுதி ஆய்வு. பழைய எஸ்டேட் பங்களா. மாடியில் பலகைத் தளம், கீழே விறகடுப்புச் சமையலறை. பிள்ளைகள் 64. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக்கிராமங்கள்தான் அதிகம்.

மணல் வாளி 8. ஆறில் மணல், ஒன்றில் வெங்காயம், ஒன்றில் பூனைக்குட்டி.
தீயணைப்பான் 2. இரண்டும் சரி. ஒன்றின் மேல் துண்டு காய்கிறது.
மாடியின் பின்கதவு (வெளியே இறங்கப் பின்படி உண்டு): தாழ்ப்பாள், அதற்கு மேல் கம்பி முறுக்கு, அதற்கும் மேல் குறுக்குப் பலகை, ஆணி ஏழு.

வார்டன் சரோஜா அம்மாவைக் கேட்டேன். "ஏனுங்க சார், கொரங்குத் தொல்லை நொம்பங்க. போன வருசம் உள்ள பூந்து பிள்ளைங்க பெட்டியெல்லாம் கொடஞ்சு போட்டுருச்சுங்க."

"தீப்பிடிச்சா எந்த வழியாப் போவாங்க?"

"முன்னால படி இருக்குதுங்களே."

முன்படி இறங்குவது நேராகச் சமையலறை வாசலில். கூட்டிப்போய்க் காட்டினேன்.

சான்றிதழ் தர முடியாது என்றதும் குரல் உடைந்துவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள தாளு போகலைன்னா மூடச் சொல்லிருவாங்க சார். இதுகள ஊட்டுக்கு அனுப்புனா பாதி திரும்பி வராதுங்க. எஸ்டேட்டுல களை வெட்டப் போயிருங்க."

சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் என் சர்வீஸில் பார்க்காமல் ஒரு கையெழுத்து போட்டதில்லை. வெள்ளிவரை நேரம் இருக்கிறது, செய்து முடிப்போம் என்று சொல்லி வந்தேன்.

வீட்டில் மனைவி தங்கம்: "ஊட்டு வாளியையும் எண்ணிப் போட்டுட்டு சாப்பிட வாங்க."

ஜூன் 10, செவ்வாய்

பல்வலி. கிராம்பு. பயனில்லை.

பின்கதவுக்கு நானே படம் போட்டேன். உள்ளே இருந்து இடுப்பால் தள்ளினால் தூக்கிக்கொள்ளும் தாழ். வெளிப்பக்கம் வழவழவென்று தகரம், பிடிக்க ஒன்றும் கிடையாது. ஆசாரி மதியத்துக்குள் மாட்டிவிட்டார்.

பெரிய கடுவன் குரங்கு ஒன்று வந்து உட்கார்ந்தது. தகரத்தைத் தடவியது, விளிம்பைப் பிறாண்டியது, என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போயே போய்விட்டது. மேலதிகாரி பாராட்டினால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

தங்கத்துக்கு: சேலத்திலிருந்து கம்பளி நூல், நீலம். மறக்கக் கூடாது.

ஜூன் 11, புதன்

மாலை 4, முதல் ஒத்திகை. விடுதி மணி ஒரு தண்டவாளத் துண்டு. அடிக்கச் சொன்னேன்.

பிள்ளைகள் வந்தார்கள். ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. உயர வரிசையில், கையில் தட்டும் டம்ளருமாக, முன்படி வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு! ஒருத்தி கேட்கிறாள்: "சார், இன்னிக்கு சுண்டலுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சீக்கிரமே சிரிப்பு நின்றுபோயிற்று. கூடத்துக்கு அடுத்த சுவர் சமையலறை. நிஜத் தீயாக இருந்தால் தட்டோடு நெருப்புக்குப் பக்கத்தில் போய் வரிசையில் நின்றிருக்கும் குழந்தைகள்.

மணி சோற்றுக்கு மட்டும். தீக்கு நிலையத்தின் கைச்சங்கு. சுற்றினால் அலறும். விடுதியிலேயே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. சங்கு சுற்றியதும் பின்கதவு படாரென்று திறந்தது. தட்டு இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. 1 நிமி. 50 விநாடி. கைதட்டினேன். ஜீப் பானெட்டில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன்.

சமையல் பாப்பாத்தி தலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். "ஏனுங்க சார், அறுபத்தி மூணுதாங்க வருது. நம்ம வள்ளி மேல இருக்குதுங்க."

வள்ளி, நாகலூர், வயது 9. அம்மை போட்டிருக்கிறது. மாடியில் கோடி அறை. மற்ற பிள்ளைகள் உள்ளே போய்விடக் கூடாதென்று வெளியே கொண்டி.

திங்கட்கிழமை அந்த வாசல்வரை போனேன். நிலையில் வேப்பிலை. பூட்ஸ் காலோடு நுழையலாமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். குறிப்பில் அந்த அறையே இல்லை. ஏழு ஆணியை எண்ணினவன் ஒரு குழந்தையை விட்டுவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது, எழுதவே கை வரவில்லை.

பேனாவை மூடினேன். கொண்டியை நானே கழற்றினேன். உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்து, "என்ன சத்தமுங்க சார் அது?" என்றாள். பயந்திருக்கிறாள்.

கீழே மாற்றலாமா என்றால் வார்டன் பதறினார். "தண்ணி ஊத்துற வரைக்கும் எடம் மாத்தக் கூடாதுங்க சார். ஆத்தா வந்திருக்குது." அந்த அம்மாவோடு நான் வாதாடவில்லை. எனக்கும் அதே பயம்தானே.

பாப்பாத்தி: "எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சுங்க. சங்கு கேட்டா நான் தூக்கிட்டு வர்றேன். வா கண்ணு, எவ்வளவு கனம்னு பாப்போம்."

ஜூன் 13, வெள்ளி

தங்கத்திடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "இன்னிக்கு நல்லா எண்ணிப் போட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

காலை 7. லேசான மூட்டம். பாப்பாத்தி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே சொல்லாமல் சங்கைச் சுற்றினேன். ஈரக்கையோடு பின்படியில் ஏறி ஓடினாள். படியில் இறங்கிக்கொண்டிருந்த பெரிய பிள்ளைகள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். நான் சொல்லித்தரவில்லை. அவர்களாகவே செய்தது.

கடைசியாக அவள் வந்தாள், இடுப்பில் போர்வை சுற்றிய வள்ளியோடு. மற்றவர்களுக்குப் பத்தடி தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றாள்.

2 நிமி. 20. நேற்றைவிட அரை நிமிடம் தாமதம். என் சர்வீஸில் இதைவிட நல்ல ஒத்திகை பார்த்ததில்லை. பெருமை என்னைப் பற்றி அல்ல, அந்தக் கூட்டத்தைப் பற்றி.

பிள்ளைகளே வரிசையாக எண்ணினார்கள். அறுபத்து மூன்றோடு நின்றது. மரத்தடியில் போர்வைக்குள்ளிருந்து கம்மிய குரல்:

"அறுபத்தி நாலுங்க சார்!"