கடலுக்குப் பெயர் சொன்னவர்கள்

குரோருட், ஒஸ்லோ
12.02.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அம்மா எண்ணெய் பூசி விடுகிறாவா?

நேற்று வகுப்பில் நான் எழுந்து பேச வேண்டிய முறை. பேராசிரியர் லிவ் உள்ளே வந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இங்கே யாரும் அப்படி நிற்பதில்லை. "என்ன, எங்கையும் நெருப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். என் பயமும் போய்விட்டது.

நான் பேசியது இதுதான்: நோர்வேஜியன், ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் ஒரே பழைய மொழியிலிருந்து பிறந்தவை. அந்த மொழிக்காரர் ஐரோப்பாவின் வடக்குக் கடற்கரைக்கு வந்தபோது, கடல், கப்பல் போன்ற சொற்களை அங்கே முன்பே வாழ்ந்தவர்களிடம் பெற்றார்கள் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். சிலர் மறுக்கிறார்கள். கொடுத்தவர்களின் மொழி அழிந்துவிட்டது.

"ஆரோ பொறுமையாச் சொல்லிக் குடுத்திருப்பினம்" என்றேன். லிவ் சான்று கேட்டார்.

"சான்று இல்லை. ஆனா எனக்கு நடந்தது."

பக்கத்து வீட்டு பியோர்க், நான் பனியில் விழுந்தபோது (சும்மா சறுக்கல்தான், யோசிக்க வேண்டாம்) தூக்கிவிட்டு, வழுக்கும் பனிக்கு ஒரு பெயர், உருண்டை பிடிக்கும் பனிக்கு ஒரு பெயர் என்று சொல்லித் தந்ததைச் சொன்னேன். லிவ் தலையாட்டினார். மாலையில் நன்றியோடு பியோர்க்குக்கு வடை கொண்டுபோனேன். அதன் பெயரை அவ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தா.

அப்பா, அடுத்த பார்சலில் பனங்கிழங்கு ஒடியல் மாவோடு, நீங்கள் பேசிப் பதிந்த ஒரு கசெற்றும் வையுங்கள். ஊர்ப் புதினம் ஒன்றும் வேண்டாம். உங்கள் வலையில் பட்ட மீன்களின் பெயர்களை மட்டும் சொல்லுங்கள். போன கிழமை ஒரு மீனின் பெயர் எனக்கு வாயில் வரவே இல்லை.

பஸ் வருகிறது.

உங்கள் மகள்
யதுர்ஷா