கூரையை மட்டும் அளந்த நாள்

நடந்தவற்றை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கம் தரும் பகுதியையும் விடப்போவதில்லை. நீ இருந்திருந்தால் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய்.

இன்று பின்னேரம் விறகு கட்டுவதற்காக அம்மா கூரைக் கம்பில் தொங்கிய பழைய கிணற்றுக் கயிற்றை எடுத்தார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். தையற்காரரின் அளவு நாடாவை இரவல் வாங்கி, மீற்றருக்கு ஒன்றாக நாம் போட்ட முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. பாசி மணமும் போகவில்லை.

நாம் அவற்றைப் போட்டபோது, நெடுங்கேணிப் பக்கத்துப் புதிய குடியிருப்பில் எங்கள் கொட்டில்கள் எழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த நாங்கள் கொட்டில் போடுமுன்பே வேலி அடைத்தவர்கள். நீ எங்களுக்கு முன்னரே அங்கே இருந்தவள். உன் பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். நாம் இருவரும் ஒரே வகுப்பு. ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சில குடும்பங்கள் இன்னும் தங்கியிருந்ததால் வகுப்பு அங்கே நடக்கவில்லை. அவர்களுக்குக் கொடுக்க வேறு இடமில்லை என்று, குடியிருப்பின் நடுவே கிணறும் பாலை மரமும் நின்ற திடலைக் கொட்டில் போடப் பிரிக்க ஊர்க்குழு யோசித்தது. நாம் படித்துக்கொண்டிருந்ததோ அந்தப் பாலை மரத்தடியில்.

"நெசமாவே எடமில்லையா? அளந்து பாத்தாங்களா?" என்று நீ கேட்டாய்.

ஒரு சதுரத்துக்குள் எத்தனை பேர் என்று எண்ணும் குடியடர்த்திப் பாடத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். நாம் நிற்கும் நிலத்தையே அப்படி அளக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

முதல் நாள் வேலியோடு வேலியாகக் கயிறு பிடித்தோம். கட்டம்போட்ட கொப்பித்தாளில் வேலி அடைத்த ஒவ்வொரு வளவையும் பென்சிலால் நிரப்ப, திடலைத் தவிரத் தாள் முழுவதும் கறுத்துவிட்டது. குழு சொல்வது சரிதான் என்றேன். நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஏன் புள்ள, ஒங்காளுங்க வேலி மேலயா படுக்குறீங்க?"

"வேலிக்குள்ள இருக்கிறதெல்லாம் வீடுதானே."

"அது ஒங்க ஊருக் கணக்கு. மழை பெஞ்சா எதுக்குக் கீழ ஓடுவ? அதுதான் வீடு."

மறுநாள் கூரைகளை மட்டும் அளந்தோம். தாளில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கறுக்கவில்லை. மிச்சமெல்லாம் தென்னோலைக் கிடுகு வேலிக்குள் அடைபட்ட வெறும் நிலம். நாலு மிளகாய்க் கன்று, ஒரு கோழிக்கூடு. வேலிகளைப் பிரித்தால் புதிய கொட்டில்களும் அடங்கும், திடலும் மிஞ்சும். எதை அளக்கிறோம் என்பதை மாற்றியதும் அதே நிலம் வேறொன்றாகிவிட்டதே என்ற வியப்பில் கட்டங்களை மறுபடி எண்ணினேன்.

இனி வெட்கமான பகுதி. குழுவுக்குக் காட்டும் படத்தை நான் தனியே வரைந்தேன். இடம்பெயர்ந்தவர்களில் முதலில் வந்தவர்கள் என்பதால் ஆகப் பெரிய வளவு எங்களுடையது. "வேலியில்லாமல் குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி இருக்கிறது?" என்று அம்மா சொன்னது காதிலேயே நின்றது. மிச்ச இடம் இல்லை என்று தோன்ற, எங்கள் வளவில் இரண்டு வரிசைக் கட்டங்களைக் குறைத்துக் கீறினேன்.

கூட்டம் தொடங்குமுன் நீ படத்தைப் பார்த்தாய். "ஒங்க வளவு மட்டும் வெயில்ல சுருங்கிருச்சோ?" என்றாய். கயிற்றை என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாய்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். "வடிவாத்தான் கீறியிருக்கிறியள் பிள்ளையள். ஆனா வேலியில்லாமல் எங்கட சனம் இருக்குமோ?" என்றார்.

"நெருப்புப் புடிச்சா வேலி வழியாத்தாங்க ஐயா வீட்டுக்கு வீடு போகும். ஓடி நிக்கிறதுக்குத் திடல் வேணும்" என்றாய் நீ.

பின்னாலிருந்து ஒருவர், "அதுசரி, ஆர் முதல்ல பிரிக்கிறது?" என்றார். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. நீ தந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். எழுந்தேன்.

"எங்கட வளவைப் பிழையாக் கீறிப்போட்டன் ஐயா. வேணுமெண்டுதான் கீறினனான். அதுக்குள்ள ரெண்டு கொட்டில் போடலாம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தலைவரிடம், "கிடுகைக் கிழிக்காமல் அவிழ்க்கச் சொல்லுங்கோ. அது கூரைக்கு உதவும்" என்றார்.

எல்லோரும் பிரிக்கவில்லை. திடலில் கிணற்றுக்கு மேற்கே ஒரு மூலையில் கொட்டில்கள் வந்தன. மற்றது தப்பியது, பள்ளிக்கூடமும் திறந்தது.

அந்த மாரியில் மலேரியா உன்னைக் கொண்டுபோனது. உன்னை அனுப்பிவைக்க வந்த சனம் உங்கள் முற்றத்தில் அடங்காமல் திடலுக்கு வந்து நின்றது. அழுதுகொண்டே நான் எண்ணினேன், நம் கயிற்றின் அளவான ஒரு சதுரத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. இதையும் மறைக்கவில்லை. நீ கோபித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன், தொகையைத்தான் கேட்டிருப்பாய். பாதியில் கண்ணீர் மறைத்துவிட்டது. சரியான தொகை என்னிடம் இல்லை.

இப்போதும் நெடுங்கேணிச் சந்தைக்குப் போனாலும், எந்த வளவைக் கடந்தாலும், கூரை எவ்வளவு, வேலி எவ்வளவு என்று காலடியால் அளந்துகொண்டே நடக்கிறேன். கயிற்றை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. விறகை அவர் நாரால் கட்டினார்.

எங்களுக்கு மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. இதை எழுதுவது அடுத்த கொட்டிலின் ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில். நடுவே அந்தக் கிடுகு வேலி இருந்திருந்தால் என் கொப்பிவரை அது எட்டியிராது. இதோ, அவர்களும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.