கேட்டு எடுத்த படம்

இன்று காலை பள்ளிக்கூட அலமாரியைத் திறந்தேன். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கேமராப் பைகளிலிருந்து பூஞ்சை வாடை அடித்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து பெஞ்சின் மேல் வெயிலில் பரப்பினேன். இது நீ செய்கிற வேலை. நீ போன பிறகு முதல் தடவையாக நான் செய்கிறேன்.

தரங்கம்பாடியில் நாம் ஒரே வகுப்பு. கல்யாணமாகி நீ தென்னாப்பிரிக்கா போனாய். அங்கே டவுன்ஷிப் என்று சொல்லப்படும் கறுப்பின மக்களின் குடியிருப்பு ஒன்றில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தாய். கணவர் இறந்ததும் ஊர் திரும்பினாய். நாகப்பட்டினத்தில் என் பள்ளிக்கு வரும் மீனவப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லித்தரச் சொல்லி உன்னை நச்சரித்தவள் நான்தான்.

வகுப்பு தொடங்கிய வாரமே வினோதினியின் அம்மா செல்வராணி வந்து நின்றார். தன் மகள் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது என்றார். சுனாமியில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவர். அன்று அவர் மணலில் விழுந்து அழுததை யாரோ படம் பிடிக்க, அது பத்திரிகைகளில் வந்து ஊரெல்லாம் சுற்றியது.

“அந்தப் படத்துல என் மாராப்புகூட ஒழுங்கா இல்ல டீச்சர். எடுத்தவரு ஒரு வார்த்த கேக்கல.”

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். பிறகு செல்வராணியிடம் டவுன்ஷிப்பில் உன் முதல் நாளைப் பற்றிச் சொன்னாய். எங்கள் தகர வீடுகளைப் படமெடுத்து வெளியே காட்டத்தான் நீங்களும் வந்தீர்களா என்று ஒரு பெண் உன்னைக் கேட்டாளாம். கேமராவை அவளிடமே கொடுத்துவிட்டாயாம். சர்ச்சுக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தன் அப்பாவை அவள் எடுத்து வந்தாளாம்.

“அவங்கப்பாகிட்ட கேட்டுட்டுதான் எடுத்துச்சு. இங்கயும் அப்படித்தான். நீங்க வேணாம்னா உங்க பொண்ணு எடுக்க மாட்டா” என்றாய்.

கேமரா வினோதினி கைக்கு வந்தது. அம்மாவை எடுக்கட்டுமா என்று தினமும் கேட்டாள். அம்மா தினமும் மறுத்தார். அவள் அம்மாவின் செருப்பை, மீன் கூடையை, அரிவாள்மனையை எடுத்தாள். பள்ளியில் படங்களை மாட்டியபோது செல்வராணி வந்து அவற்றின் முன் வெகுநேரம் நின்றார்.

அதற்குள் நீ படுத்துவிட்டாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அது நடந்தது. துறைமுகத்தில் மீன் ஏலம். அம்மாவுக்குக் கூடை தூக்க வினோதினி கேமராவோடு போயிருந்தாள். விலை கட்டுப்படியாகாமல் ஏலக்காரரோடு மல்லுக்கு நின்ற செல்வராணி, சட்டென்று மகள் பக்கம் திரும்பி, “இப்ப எடு” என்றிருக்கிறார்.

அந்தப் படத்தை உன்னிடம் கொண்டுவந்தேன். ஒரு கை இடுப்பில், மறு கை ஏலக்காரரின் முகத்துக்கு நேரே, முந்தானை இழுத்துச் செருகியபடி செல்வராணி. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்று சொன்னேன். படத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நீ கண்ணை மூடினாய். சிரிக்கிறாயா, வலியா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று ஜன்னல் வெளிச்சம் உன் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது. முடியெல்லாம் கொட்டி, சின்ன வயதில் பார்த்த அதே நெற்றி. எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்து, “ஒண்ணு எடுத்துக்கட்டுமாடி?” என்று கேட்டேன்.

யோசித்துத்தான் சொன்னாய். “வேணாம்டி.”

போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் நீ இல்லை. சவப்பெட்டியின் மேல் வைக்க உன் மகன், நீ பாஸ்போர்ட்டுக்கு எடுத்திருந்த பழைய படத்தைத்தான் பெரிதாக்கினான். அதில் இருப்பது யாரோ போலிருக்கிறது.

கேட்காமல் எடுத்திருக்கலாமே என்று சில இரவுகள் மனம் அடித்துக்கொள்ளும். எடுத்திருந்தால் அதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இருந்திருக்காது. உன் கடைசி முகம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அது என்னோடுதான் இருக்கிறது, என்னோடுதான் போகும்.